மூக்கு வேலை செய்யாதவன் எர்ணாவூரில் கோழித்தீவனம் வாங்கப் போனது

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வடசென்னைக் கடலோரத்தில் இருக்கும் எர்ணாவூருக்குப் போய்வந்தேன். சுற்றிப்பார்க்க இல்லை, கோழித்தீவனத்துக்கு. பொன்னேரிக்குப் பக்கத்தில் என் தங்கை வசந்தா இரண்டாயிரம் பிராய்லர் கோழி வளர்க்கிறாள். சோயாப் புண்ணாக்கு விலை கட்டுப்படியாகவில்லை என்பதால் அதில் ஒரு பங்கைக் குறைத்து டிடிஜிஎஸ் சேர்க்க முடிவு செய்தோம். சாராய ஆலையில் அரிசியையோ மக்காச்சோளத்தையோ புளிக்கவைத்து வடித்த பிறகு மிஞ்சும் சக்கையை உலர்த்தினால் அதுதான் டிடிஜிஎஸ். கோழிக்குப் போதை ஏறுமா என்று கேட்பவர்களுக்கு: ஏறாது. சாராயம் போகவேண்டியவர்களுக்குப் போய்விடும், கோழிக்குச் சக்கைதான்.

போன முறை பூஞ்சை பிடித்த தீவனத்தால் பாதிக் கோழிகள் செத்தன. இந்த முறையும் அப்படி ஆனால் கொட்டகையைப் பூட்டிவிட்டு கம்பெனி வேலைக்குப் போய்விடுவேன் என்று வசந்தா சொல்லியிருந்தாள். சக்கையில் பூஞ்சையை முதலில் காட்டிக்கொடுப்பது வாசனை. எனக்கோ ஒரு காய்ச்சலுக்குப் பிறகு மூக்கு வேலை செய்வதில்லை. குஞ்சு இறங்கும் வாரத்தில் அவளால் கொட்டகையை விட்டு நகர முடியாது. "யாரையாவது மோந்து பாக்கச் சொல்லுண்ணா. கண்ணால பாத்துட்டு வாங்கிட்டு வந்துடாத" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

பொன்னேரியில் காலை 8.10 மின்சார ரயில், விம்கோ நகருக்குப் பத்து ரூபாய். அத்திப்பட்டு தாண்டியதும் பெட்டியில் இருந்தவர்களின் கைகள் ஒவ்வொன்றாக மூக்குக்குப் போயின. எண்ணூர் தொழிற்சாலைகள் நெருங்குவதை நான் இப்போதெல்லாம் அப்படித்தான் தெரிந்துகொள்கிறேன்.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ பிடித்தேன். மூன்று கிலோமீட்டர், நூறு ரூபாய், காத்திருக்க இன்னொரு நூறு. ஓட்டியவர் கலா, எர்ணாவூர் குடியிருப்பில் இருப்பவர். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அந்த மூன்று கிலோமீட்டருக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதற்குள் என் மூக்குக் கதையைச் சொல்லி, தீவனக் குடோனுக்குள் வந்து சரக்கை முகர்ந்து சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

"இன்னாணா, மோந்து பாக்கக்கூட ஆட்டோ புடிப்பியா?" என்று சிரித்தார். வருகிறேன் என்றார்.

குடோன்காரர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், மரியாதையாகப் பேசினார். முதல் மூட்டை அடுக்கிலிருந்து ஒரு கை அள்ளிக் காட்டினார். பொன் நிறம், கட்டி இல்லை, கையில் ஒட்டவில்லை. விலையும் மற்றதைவிடக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைவு. "இந்த நிறத்துல வேற எங்கயும் கிடைக்காது அண்ணாச்சி" என்றார். முன்பணம் எடுக்க என் கை பாக்கெட்டுக்கே போய்விட்டது.

கலா அடியில் இருந்த மூட்டையைப் பிரிக்கச் சொல்லி, உள்ளே கைவிட்டு எடுத்து முகர்ந்தார். "வாணாம்ணா. ஈரச் சாக்குல போட்டு மூடி வெச்சா மாதிரி கீது."

"கடக்காத்துல எல்லாச் சாக்கும் அப்படித்தாம்மா இருக்கும். இந்த ஏரியாவுல அடிக்காத வாடையா?" என்றார் குடோன்காரர்.

"அது வெளிய அடிக்கிற வாட. இது மூட்டைக்குள்ள கீது. ரெண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா?"

இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தேன். கண் ஒன்று சொல்கிறது, அடுத்தவர் மூக்கு இன்னொன்று சொல்கிறது. எரிச்சலாகத்தான் இருந்தது. கடைசியில் கலா சொன்னதைக் கேட்டேன். அடுத்த அடுக்கு கொஞ்சம் பழுப்பு நிறம். "பன்னு சுடற வாசன" என்றார். அதில் எட்டு மூட்டைக்கு முன்பணம் கொடுத்து, வண்டியில் கொட்டகைக்கு அனுப்பச் சொன்னேன். நாங்கள் கிளம்பும்போது குடோன்காரர் முதல் அடுக்கின் அடி மூட்டைகளையெல்லாம் பிரித்துப் பார்க்க ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வாங்கப் போகிறவர்கள் அடி மூட்டையைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கருகிய நிறம் என்றால் அதிகம் சூடுபட்ட சரக்கு, அதன் புரதம் கோழிக்குச் சரியாகச் சேராது. மூக்கை மட்டும் நம்பியும் பயனில்லை. தானியத்தில் இருந்த பூஞ்சை நஞ்சு சக்கையில் இன்னும் அடர்ந்து நிற்கும், அதற்கு வாசனையும் கிடையாது. மாதவரம் கால்நடை ஆய்வகத்தில் ஒரு மாதிரியைப் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்த பிறகே நாங்கள் கலந்தோம். சின்னக் குஞ்சுகளுக்கு முதல் இரண்டு வாரம் கொடுக்கவில்லை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். கோழிகள் இதுவரை நன்றாகத் தின்கின்றன. லாரிக்குப் பயந்தால் எட்டு மணிக்குள் போய்விடுங்கள்.

அன்று திரும்பும் வழியில் கலா கேட்டதையும் எழுதிவிடுகிறேன். "மூக்கு இல்லாம ராவுல எப்படிணா தூங்குற?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை.

"எங்க வூட்டாண்ட எப்ப இன்னா கேஸ் வரும்னே தெரியாது. பசங்க மூணும் நல்லா தூங்குங்க. நான் பாதித் தூக்கந்தான். வாட வந்தா அதுங்கள எழுப்பிக்கினு ஓடணும்ல?"

பஸ் நேரம் சொல்வதுபோல்தான் சொன்னார்.

பிளாட்பாரத்தில் இருந்து வசந்தாவுக்கு போன் செய்தேன். மலிவான சரக்கை விட்டுவிட்டு வந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. "மோந்து பாக்கச் சொன்னேன்தான், அதுக்காக யாரோ ஒரு ஆட்டோக்காரம்மா மூக்க நம்பியா வேணாம்னுட்டு வந்த?" என்றாள்.

"அந்த மூக்க நம்பித்தான் மூணு புள்ளைங்க தூங்குது" என்றேன்.