காப்புக் கட்டிய போன்

எங்கள் ஊர் மாரியம்மனுக்குப் பங்குனியில் காப்புக் கட்டிவிட்டால், கையில் மஞ்சள் கயிறு ஏறியவர்கள் திருவிழா முடியும்வரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் காரைக்குடிக்குப் போகலாம், வரலாம். பொழுது அடைந்தால் ஊர் எல்லைக்குள் இருக்க வேண்டும். மீறிப் பார்க்கும் துணிச்சல் இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

மலேசியாவில் இருக்கும் என் மகளுக்கு வெகுகாலம் கழித்துத் தங்கிய பிள்ளை. நல்லபடியாகப் பிறந்தால் தீச்சட்டி எடுக்கிறேன் தாயே என்று நேர்ந்துகொண்டு, போன பங்குனியில் காப்புக் கட்டினேன். அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து மகன் எனக்கு ஒரு புதுப் போன் வாங்கி அனுப்பியிருந்தான். விலையை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. புதுப்பொருள் எது வந்தாலும் ஆத்தா காலடியில் வைத்து எடுப்பது எங்கள் வழக்கம். போனையும் வைத்தேன். எனக்குக் கயிறு கட்டி முடித்த பூசாரி, அதே கையோடு போனையும் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டேன். அதில் வில்லங்கம் இருக்கும் என்று யார் கண்டது!

திருவிழா நடுவிலேயே மருமகன் கூப்பிட்டார். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்றார். என் வீட்டுக்காரி அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எனக்குப் பிள்ளை முகத்தக் காட்டச் சொல்லுங்க. பாத்தாத்தான் எனக்குச் சோறு எறங்கும்."

மகள் வீட்டில் வைத்திருக்கும் வீடியோ செயலி என் போனில் ஏற மறுத்தது. ஏற்றப் போகும்போதெல்லாம் நல்ல தமிழில் ஒரு வாசகம் வந்து நின்றது: உங்கள் பாதுகாப்பிற்காக இந்தச் செயலி தடுக்கப்பட்டுள்ளது. என் போனைச் செய்த கம்பெனிக்கே சொந்தமாக ஒரு வீடியோ செயலி இருக்கிறது. ஆனால் அது அவர்கள் போனிலிருந்து அவர்கள் போனுக்கு மட்டுந்தான் பேசும். மகளுடையது வேறு கம்பெனி போன். பிறந்து ஒரு பொழுதுகூட ஆகாத பேத்தியால் எனக்கு என்ன ஆபத்து வரும் என்று பார்த்தார்களோ!

போனைத் தூக்கிக்கொண்டு கோயில் பந்தலுக்குப் போனேன். வீட்டுக்காரியும் பின்னாலேயே வந்தாள். பந்தலில் விழாக் கமிட்டித் தலைவரான என் பெரியப்பா மகன் அண்ணன் பானகம் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் வீட்டுக்காரியின் தம்பி. சிவகங்கையில் ஆபீஸ் வேலை, உலக விவகாரம் அத்தனையும் விரல் நுனியில்.

விஷயத்தைக் கேட்டதும் மச்சினன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அத்தான், இது சுத்த யாவாரத் தந்திரம். போன நம்ம கையில வித்துட்டு, சாவிய அவன் இடுப்புல சொருகிக்கிட்டான். அடுத்தவன் சரக்கு நல்லா இருந்தா இவன் சரக்கு விக்காதுல்ல?"

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்படி எடுத்தெறிஞ்சு பேசாதே மாப்பிள்ளை. வீட்டுக் கதவத் தொறந்து போட்டுக் கண்டவனையும் உள்ள விடுவியா? அவன் நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பான். பொறுப்புல இருக்கவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்."

"ஆமா ஆமா. காலையில கண்டரமாணிக்கத்து ஐஸ் வண்டிய நீங்க எல்லையிலேயே திருப்பி விட்டீகளே, அந்தக் கஷ்டந்தானே?"

"பிள்ளைகளுக்குத் தொண்டை கட்டும்னு திருப்பினேன்!"

"உள்ள நிக்கிற வண்டி ஐஸு தொண்டைய ஒண்ணும் செய்யாதோ? யாரு வண்டி தலைவரே அது? உங்க மருமகன் வண்டிதானே?"

"அது தெரிஞ்ச தண்ணியில செஞ்ச ஐஸுடா!"

பந்தலே சிரித்தது. மச்சினன் அத்தோடு விடவில்லை. இந்த மாதிரிக் கம்பெனியை நாம் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று கையை உயர்த்தி முழங்கினான். உயர்த்திய கையில் இருந்தது அதே கம்பெனி போன், என்னுடையதைவிடப் பெரிசு. மாதத் தவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதாம். அண்ணனோ தர்மநியாயம் அவ்வளவும் பேசிவிட்டு மடியிலிருந்து பழைய பட்டன் போனை எடுத்து மணி பார்த்தார். செயலி என்றால் என்ன என்றே அவருக்குத் தெரியாது. கம்பெனி செய்தது சரி என்பது மட்டும் தெரிந்திருந்தது.

"என்னங்க, பிள்ளை முகம்?" என்றாள் வீட்டுக்காரி.

"இரு, பேசிக்கிட்டுத்தானே இருக்கோம்" என்றேன் நான்.

மச்சினன் காரைக்குடியில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாயைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான்.

"கம்பெனிக்காரன் போட்ட பூட்டுண்ணே. பகல்ல கடையில நிக்கவே எடமில்ல. ராத்திரி நம்மகிட்ட கெடக்கட்டும், பாக்குறேன். இன்ஷா அல்லாஹ், காலையில வந்து வாங்கிக்கங்க."

நான் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். அப்போதுதான் அண்ணன் கண்ணில் அந்த மஞ்சள் கயிறு பட்டது.

"தம்பி, நில்லு. போனுக்குக் காப்புக் கட்டியிருக்கே! அது எப்படி வெளியூர்ல ராத்தங்கும்?"

அத்தனை பேரும் போனைப் பார்த்தார்கள். பூசாரிக்கு ஆள் போயிற்று. அவர் வந்தார், போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"மெஷினுக்குக் கட்டுனதில்லையே சாமி. ஏதோ கை மறதியில கட்டிட்டேன். ஆனா கட்டுனது கட்டுனதுதான். அவுக்கிறதுன்னா கடைசி நாளுதான்."

"அப்ப இதுவும் சுத்தபத்தமா இருக்கணுமா? கறிக்கடைக்காரன் கூப்பிட்டா எடுக்கலாமா?" என்று மச்சினன் கேட்க, அதற்கும் இரண்டு கட்சி பிரிந்தது.

சிரித்தேன்தான். ஆனால் அவிழ்த்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆத்தா முன்னால் போட்ட முடிச்சு. அதற்கொரு காரணம் இருக்கிறது, அவிழ்க்க ஒரு நாளும் இருக்கிறது. கம்பெனி போட்ட முடிச்சுக்கு நாளும் இல்லை, போய்க் கேட்க ஒரு பூசாரியும் இல்லை. நடுவில் போன் என் கையில் கனத்துக்கொண்டு இருந்தது. மலேசியாவில் என் பேத்தி யார் சாயலில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தேன், வீட்டுக்காரியைக் காணோம்.

கோயில் வாசலில் பூ விற்கும் அக்கா கூடைக்குப் பக்கத்தில் அவள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். பூக்கார அக்காவின் மகன் துபாயில் வேலை பார்க்கிறான். அதே செயலியில்தான் தினமும் அம்மாவோடு பேசுவானாம். மகள் நம்பர் என் வீட்டுக்காரிக்கு மனப்பாடம். மூலையில் கண்ணாடி விரிந்து, பின்பக்கம் ரப்பர் பேண்டு போட்டிருந்த அந்தப் போனுக்குள், வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு சின்ன முகம்.

"வாங்க, வாங்க! மூக்கப் பாருங்க, உங்க மூக்கேதான். பாவம்."

பேத்தி கொட்டாவி விட்டாள். என் கைகள் தானாகவே குவிந்தன. போனைப் பார்த்துக் கும்பிட்டேனா, கோயிலைப் பார்த்தா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. மகள் அங்கே சோர்ந்த முகத்தோடு, "அப்பா, உங்க புதுப் போன் எங்கப்பா?" என்றாள்.

"அது விரதம் இருக்கு ஆத்தா" என்றேன்.

வழக்கை அப்படியே விட்டுவிட்டுப் பந்தலே எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்து முகம் மலர்ந்தவர், மறுபடி தலைவராகிவிட்டார்.

"எல்லாஞ் சரி, இந்தப் போன் பாதுகாப்பானதுதானா?"

வீட்டுக்காரி தலையை நிமிர்த்தவேயில்லை.

"கொஞ்சம் அங்குட்டு நகருங்க மச்சான். வெளிச்சத்த மறைக்கிறீக."