இல்லாத கச்சேரியின் கைதட்டல்

நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம். எனக்குக் கோபம் வராது. என் கோபம் மொத்தமும் மாமாமேல்தான். சொல்லப்போவது அத்தனையும் நடந்தது. அதுவும் பேய்க்கு வசதியான நடுராத்திரியில் இல்லை, பட்டப்பகலில்.

அக்கா பாடகி. மேடை என்றாலே அவளுக்கு ஆகாது. "பாட்டு அடங்குறதுக்குள்ள தட்டிக் கெடுத்துடுவாங்கடா" என்பாள். கடைசிவரை ஸ்டுடியோவில் மட்டும்தான் பாடினாள். அவள் இறந்த மறுவருடம், அவள் கணவர், அதாவது என் மாமா, ஓர் ஆல்பம் வெளியிட்டார். அட்டையில் கொட்டை எழுத்தில் 'நேரடிக் கச்சேரி' என்று போட்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உயிரோடு இருந்தவரை மேடை ஏறாதவளைச் செத்தபிறகு ஏற்றிவிட்டாரே மனுஷன்!

ஆல்பத்தைப் போனில் போட்டுக் கேட்டால் கச்சேரி மாதிரியேதான் இருந்தது. அந்தத் தகர டப்பா சத்தத்துக்கு ஸ்டுடியோவும் ஒன்றுதான், மேடையும் ஒன்றுதான். பித்தலாட்டத்தை நிரூபித்து ஆல்பத்தை நிறுத்தியே தீருவது என்று, உயர்ந்த ரக ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை வாங்கிவந்தேன்.

முதல் பாட்டிலேயே குட்டு உடைந்தது. நிஜக் கச்சேரிப் பதிவை நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் பாடுபவரோடு அரங்கமும் கூடவே வரும். இங்கே அக்கா, பஞ்சு ஒட்டிய சின்ன அறைக்குள் நின்று பாடிக்கொண்டிருந்தாள். மூச்சிழுப்பதுகூட என் காதோரம் கேட்டது. கைதட்டலோ எங்கோ ஒரு பெரிய மண்டபத்திலிருந்து வந்தது. அப்பட்டமான ஒட்டு வேலை. மாட்டினார் மாமா என்று வாய்விட்டுச் சிரித்தேன்.

இரண்டாம் பாட்டு முடிந்தது. கைதட்டல். அதற்கு அடியில் ஏதோ... ஒரு மூச்சு.

மூன்றாம் பாட்டு. கைதட்டல்.

"யாரு?"

அக்கா குரல்.

என் சிரிப்பு நின்றுவிட்டது.

நான்காம் பாட்டு. மறுபடி கைதட்டல்...

"யாரது? எதுக்குத் தட்டுறீங்க?"

சின்ன வயதில் என்னை அதட்டுவாளே, அதே கோபம். ஸ்பீக்கரை அணைத்தேன்.

நேரே மாமாவின் ஸ்டுடியோவுக்குப் போனேன்.

"அக்காவை என்ன பேசவச்சுப் பதிவு பண்ணீங்க?"

"என்ன உளர்ற மாப்ள? பாட்டு மட்டும்தான்."

கணினியில் அக்கா குரலைத் தனியாகப் போட்டுக் காட்டினார். பாட்டு முடிந்ததும் சுத்தமான அமைதி. கைதட்டலைத் தனியாகப் போட்டார். வெறும் கைதட்டல்.

"இப்ப ரெண்டையும் சேர்த்துப் போடுங்க."

போட்டார்.

"எதுக்குத் தட்டுறீங்க?"

மாமா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

அவள் பாடியது உயிரோடு இருந்தபோது. கைதட்டலை ஒட்டியது அவள் போனபிறகு. அது அவளுக்கு எப்படிக் கேட்கும்?

"நிறுத்திடறேன்... ஆல்பத்தை இன்னைக்கே நிறுத்திடறேன்" என்று முணுமுணுத்தார்.

என் ஆத்திரம் அடங்கவில்லை. சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன்.

"இந்தக் கைதட்டலை எங்கேயிருந்து எடுத்தீங்க?"

அவர் என் கையை விலக்கிவிட்டுக் கணினித் திரையை அணைத்தார்.

"அவ இரங்கல் கூட்டத்துல எடுத்தது மாப்ள... நான் பேசி முடிச்சப்ப தட்டினாங்க."