கல்லில் விட்ட இடம்

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ரெக்ஸ்டேலில் பஸ் ஏறினோம். ஆளுக்கு மூன்று டொலர் முப்பது சதம். கிப்ளிங்கில் இறங்கி சப்வே பிடித்தால், நகரின் நடுவிலுள்ள அருங்காட்சியகத்துக்கு எல்லாமாக ஒரு மணி நேரம்.

என்னோடு வந்தவர் மன்னார்க்காரரான சேவியர் அண்ணை. போன பனிக்காலத்தில் அவருடைய மனைவி மெற்றில்டா அக்கா காலமானார். கல்லறைக்கு இன்னும் கல் வைக்கவில்லை. அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரையும் இப்போதே வெட்டுவித்து, இறக்கும் வருடத்துக்கு மட்டும் இடம் விட வேண்டுமென்பது அண்ணையின் ஆசை. மகள் ஷெரின் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "நீங்க உயிரோட இருக்கிறீங்க, அப்பா. ஸ்டொப் இற்."

"ரோமர் என்ன செய்தவை எண்டு பாத்திட்டு முடிவெடுப்பம்" என்று கூட்டி வந்தவன் நான். ரோமரைப் பற்றி எனக்குத் தெரிந்தது பீட்சாவோடு சரி. அதை அண்ணைக்குச் சொல்லவில்லை.

வாசலில் நுழைவுச் சீட்டு விலையில் முதியோர் கழிவு தந்தார்கள். நான் கேட்காமலே தந்ததுதான் கொஞ்சம் வலித்தது.

ரோமானியக் கூடத்தில் வரிசையாக மூக்குடைந்த தலைகள். "உவர் உன்னைப்போலதான், வாய் மட்டும் மிச்சம்" என்றார் அண்ணை. பல மாதங்களுக்குப் பிறகு அவர் சொன்ன பகிடி அது.

மூலையில் ஒரு கல்லறைக் கல் நின்றது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, லத்தீன் வாசிப்பவன்போல, பக்கத்திலிருந்த ஆங்கிலக் குறிப்பை ஓரக்கண்ணால் படித்துச் சொன்னேன். கணவன் மனைவிக்கு வைத்த கல். கீழே தன் பெயருக்கென்று இடம் விட்டிருக்கிறான். அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது.

"பேந்து ஏன் எழுதேல்லை?"

"வேற கலியாணம் கட்டியிருப்பான், அண்ணை."

அவர் சிரிக்கவில்லை. சொன்னதைத் திரும்ப வாய்க்குள் போட வழியிருந்தால் போட்டிருப்பேன்.

"எழுத ஆளில்லாமல் போயிருக்கும்" என்றார் மெதுவாக. அந்த வெற்றிடத்தை நோக்கி அவருடைய கை போனது. காவலாளி தொண்டையைச் செருமினார். கை பாதியில் நின்று, சட்டைப் பைக்குத் திரும்பியது.

எங்கேயோ வெட்டிய கல், எங்களைப்போல இந்தக் குளிருக்குள் வந்து நிற்கிறது. அதற்கு உரியவர்கள் யாரும் கூட வரவில்லை.

திரும்பும்போது கிப்ளிங்கில் பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். "என்ர பேரை இப்பவே வெட்டுவிக்கிறன். வருசத்தை நீ பாத்துப் போடுவிப்பியோ?"

"என்ர சுகருக்கு நான்தான் முந்துவன், அண்ணை."

"அப்ப உன்னை நம்பேலாது" என்று போனை எடுத்து மகளை அழைத்தார். "பிள்ளை, கோவிக்காதை. பேரை நான் போடுறன். வருசத்தை மட்டும் நீதான் போடவேணும்."



"ஓகே, அப்பா" என்றாள் ஷெரின் ஸ்பீக்கரில். "நான் போடுறன்."

பஸ் வந்து கதவைத் திறந்தது. அண்ணை போனை வைக்கவுமில்லை, ஏறவுமில்லை. அடுத்ததில் போவோம் என்று நானும் நின்றேன்.