வைஜெயந்தி போட்ட வைஃபை

மரக்காணத்தில் மூடிக் கிடந்த கல்யாண மண்டபத்தில் ஆபீஸ் வருகிறது என்றபோது முதலில் வேலைக்குச் சேர்ந்தவள் வைஜெயந்தி. உப்பளத்துக் கூலிக்காரியின் மகள். கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்துவிட்டு, குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் விருந்தாளிகளுக்கு வைஃபை பார்த்துக்கொண்டிருந்தாள். பாண்டிச்சேரிக்காரர் அரவிந்தன், ஆஸ்பத்திரி பில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை எங்கிருந்தோ பிடித்து வந்திருந்தார். மண்டபம் நிறையப் பெண்கள் லேப்டாப்போடு உட்கார வேண்டும். அத்தனை பேருக்கும் ஒயரில்லாமல் நெட் கிடைக்க வேண்டும். அதுதான் அவள் வேலை. ஆள் சேர்ப்பதும் அவள் தலையில் விழுந்தது.

காலனியில் வீடு வீடாகப் போனாள். பன்னிரண்டாவது படித்துவிட்டு வெயிலில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுப் பூவிழிக்காக அவள் மாமியாரிடம் சண்டையே போட்டாள்.

"மருமவ சுடிதார் போட்டுக்கினு சேர்ல குந்தினா வூட்ல ஒலை யாரு வைக்கிறது?" என்றாள் அந்தம்மா.

"நான் பொறுப்பு அத்தை. மழைக்காலத்துலயும் வேலை இருக்கும். உப்பளத்துல இருக்குமா?"

அந்த ஒரு வார்த்தையில்தான் மாமியார் விட்டுக்கொடுத்தாள்.

முதல் நாளே நெட் காலை வாரியது. கெஸ்ட் ஹவுஸில் அங்கொருவர் இங்கொருவர். இங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தார்கள். ஆளுக்கொரு லேப்டாப், பையில் ஆளுக்கொரு போன். சுவரில் மாட்டியிருந்த வைஃபை பெட்டி திணறியது. "யக்கா, சுத்திக்கினே இருக்குது!" "எனுக்கும் போச்சுக்கா!" என்று மண்டபம் முழுக்கக் குரல். அரவிந்தன் மலிவாக இன்னும் சில பெட்டிகள் வாங்கிக் கொடுத்தார். மாட்டினாள், முன்னைவிட மோசமானது. சந்தை இரைச்சலில் இன்னும் நாலு பேர் சேர்ந்து கத்தினால் யார் பேச்சு யாருக்குக் கேட்கும்?

தெரிந்தவர்களைக் கேட்டும் படித்தும் மெல்லப் பிடித்தாள். ஒன்றின் அலை இன்னொன்றோடு மோதாதபடி பெட்டிக்குப் பெட்டி சேனலைப் பிரித்தாள். பக்கத்து வரிசைக்கு எட்டினால் போதுமென்று சிக்னலைக் குறைத்தாள். ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாகக் கேபிள் இழுத்தாள். ஒருநாள் காலை எல்லோரும் வந்து உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார்கள்; நெட் போச்சு என்று யாரும் அவளைக் கூப்பிடவில்லை. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்த் தனியாக உட்கார்ந்து அழுதாள்.

ஐப்பசி வரை ஓடியது. வாடைக்காற்று வீசத் தொடங்கியதும், உடைந்த ஜன்னல்கள் வழியாக உப்பு ஈரம் உள்ளே வந்தது. கேபிள் முனைகள் களிம்பேறிப் பச்சை பூத்தன. ஒரு பெட்டி நின்றுபோனால் அதிலிருந்தவர்கள் அடுத்த பெட்டியில் மொய்ப்பார்கள், அதுவும் நின்றுபோகும். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து முனைகளை வெட்டி வெட்டிப் புதிதாகப் போட்டாள். மதியத்துக்குள் வேறொன்று போகும்.

"சார், உப்புக்காத்து தாங்குற பெட்டியா வாங்கணும். ஜன்னலயும் அடைக்கணும்."

"நல்லா ஓடுதுன்னு நீதானம்மா சொன்னே?"

"ஓடிச்சு சார்."

"இப்ப ஓடலியே."

அவர் கெட்டவரில்லை. அவர் கையிலும் ஒன்றும் மிஞ்சவில்லை.

நடுவில் நெட் அறுந்ததில் சில பில்கள் இரண்டு தடவை ஏறியிருந்தன, சில ஏறவேயில்லை. கார்த்திகையில் வேலை கொடுத்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அரவிந்தன் எல்லோரையும் கூப்பிட்டு, "நெட்டு சரியில்லன்னுட்டாங்க. நான் என்னா பண்றது?" என்றார். அத்தனை முகங்களும் வைஜெயந்தியின் பக்கம் திரும்பின. உப்பளத்திலும் வேலை கிடைக்காத மாதம் அது.

பெட்டிகளை அவளே கழற்றினாள். வெளியே வந்தபோது பூவிழி கேட்டருகே நின்றிருந்தாள்.

"கொஞ்சம் பொறுத்துக்க பூவிழி. வேற எதனா பாக்கறேன்."

"வேணாம் யக்கா. நீ எதுவும் பாக்காத."

பூவிழி அதைக் கோபமில்லாமல் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

தை பிறந்து உப்பளத்தில் பாத்தி கட்டத் தொடங்கியதும் பூவிழி உப்பு வாரும் பலகையைத் தூக்கிக்கொண்டு போனாள். "ஆபீஸ்காரம்மா கெளம்பிட்டாங்க" என்று மாமியார் தெருவே கேட்கச் சொன்னாள். கதவுக்குப் பின்னால் நின்று வைஜெயந்தியும் கேட்டாள்.

இப்போது கூனிமேட்டில் ஒரு போன் ரிப்பேர் கடையில் இருக்கிறாள். போன மாதம் கிளியனூரிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "காலேஜுங்க. ஒரே நேரத்துல நெறைய பேர் யூஸ் பண்ற மாதிரி வைஃபை போடணும். உங்களுக்குத் தெரியும்னாங்க."

"தெரியாதுங்க," என்று வைத்துவிட்டாள்.

காலை பஸ்ஸில் உப்பளம் தெரியும் பக்கமாகச் சீட் காலியாக இருந்தாலும் அவள் அங்கே உட்காருவதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடல் பக்கம் திரும்பி நின்றபடியே போகிறாள்.