ஆடியில் விதைத்த பருத்தி

நாடு முழுக்க விதைத்து முடித்துவிட்டது, நான் ஒருவன்தான் பாக்கி என்று போன ஆடி மாதம் மனதார நம்பினேன். இருபது வருடமாகப் புரட்டாசியில் பருத்தி போடுகிறவன் நம்புகிற விஷயமா இது?

கெடுத்தது என் மச்சினன். லாரி ஓட்டுகிறான். போகிற ஊரிலெல்லாம் வண்டியை நிறுத்திப் படம் பிடித்து அனுப்புவான். மகாராஷ்டிரத்து விதர்பாவில் முழங்கால் உயரப் பருத்தி. பஞ்சாபில் கண் கூசும் பச்சையில் நெல். பீகாரில் ஆளை மறைக்கும் மக்காச்சோளம். ஒவ்வொரு படத்துக்கும் அடியில் ஒரே கேள்வி: “அத்தான், நம்ம காட்டுல என்ன நெலவரம்?”

நம்ம காட்டில் என்ன நிலவரம்? ராஜபாளையத்துக்குக் கிழக்கே மூன்று ஏக்கர் கரிசல். வெடிப்புக்குள் என் கை முழங்கை வரை போகிறது. மழையை நம்பி வருடத்துக்கு ஒரே வெள்ளாமை. இதைப் படம் பிடித்தா அனுப்ப முடியும்?

அந்த நேரம் பார்த்து மலையைத் தாண்டிச் சாரல் விழுந்தது. மழையும் வந்துவிட்டது, நான் இன்னும் விதைக்கவில்லையே என்று பதறினேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி விதைக்கடையில் போய் நின்றேன்.

“ஆடியில பருத்தியா அண்ணாச்சி? தண்ணி பாயுற காடா?”

“கெணறு இருக்குல்லா” என்றேன். பொய்யில்லை. கிணறு இருந்தது.

வாங்கி வந்த விதைப் பையைப் பார்த்ததும் மனைவி இடுப்பில் கை வைத்தாள். “எந்தம்பி லாரி ஓட்டுதான். நீங்க எதுக்கு அவன் பின்னாடியே ஓடுதீய?”

“அங்கெல்லாம் முழங்கால் ஒசரம் வந்துருச்சுடி!”

“அங்க பேஞ்ச மழை இங்க பேஞ்சுச்சா? தண்ணி பாயுற மகாராஜபுரத்துல நெல்லு நட்டா அதையும் நடுவியளோ?”

“சாரல் விழுதே, கண்ணு தெரியலயா?”

“இந்தச் சாரல்ல கொடியில போட்ட துணிகூட நனையல.”

துணிக்கும் பருத்திக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். என்ன அறிவு! மறுநாளே விதைத்தேன். ஆறாம் நாள் முளைத்தது. குப்புறப் படுத்து, இரண்டு இலையும் வானத்தைத் தொடுகிற மாதிரி படம் எடுத்து மச்சினனுக்கு அனுப்பினேன். “சூப்பர் அத்தான்” என்றான். அன்று மாலை சாரல் நின்றது. காற்று கிளம்பியது. தினம் பத்து முறை காட்டுக்கு ஓடி, குனிந்து குனிந்து செடியைப் பார்த்தேன். நான் பார்ப்பதால் அது காயாமல் இருந்துவிடுமா என்ன?

ஆவணி பிறக்குமுன் மூன்று ஏக்கரும் கருகிவிட்டது. புரட்டாசிக் கடைசியில் நல்ல மழை பெய்தது. ஊரே பருத்தி விதைத்தது. நான் போனபோது கடையில் பருத்தி விதை தீர்ந்திருந்தது. சோளம் விதைத்தேன்.