நீலம் ஏறாத விரலடையாளம்

கொதிநீரிலிருந்து ஸ்லைடைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். பிஸ்டலின் மேற்பாகமான அந்த இரும்புத் துண்டு முழுவதும் கறுக்கத் தொடங்கியிருந்தது. நடுவில் மட்டும் பெருவிரல் அளவுக்கு வெள்ளையாக ஓர் இடம். அந்த விரல் என்னுடையது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சுவிஸில், பேர்ண் நகருக்குப் பக்கத்தில், ஓஸ்டர்முண்டிகனில், துவக்குத் திருத்தும் ஒரு சின்னப் பட்டறையில் வேலை செய்தேன். அங்கே முதலாளியும் நானும் மட்டும்தான். அவரை ஷெஃப் என்று கூப்பிடுவேன். என்னோடு அறையில் இருந்த செல்வம் அண்ணை ஆஸ்பத்திரியில் கிளீனிங் செய்தவர். என் வேலையைப் பகிடி பண்ணாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"துவக்குக்குப் பயந்து யாழ்ப்பாணத்திலையிருந்து ஓடி வந்தனி. இஞ்சை அதைக் குளிக்க வாக்கிறாய்."

நான் செய்தது ஏறக்குறைய அதுதான். இரும்பு துருப்பிடிக்காமல் நீலமேற்றும் வேலை. எண்ணெய்ப் பசை போகக் கழுவி, மருந்து பூசி, மெல்லிசாகத் துரு ஏறவிட்டு, அது கறுக்கக் கொதிநீரில் போட்டுத் தேய்க்க வேண்டும். ஐந்தாறு தடவை இப்படிச் செய்தால் கருநீலம் வரும். ஒரு கிழமை பிடிக்கும். கழுவிய துண்டில் வெறுங்கை படக்கூடாது. எண்ணெய் பட்ட இடத்தில் மருந்து பிடிக்காது.

அந்தப் பிஸ்டல் ஓய்வுபெற்ற ஒரு ட்ராம் சாரதியுடையது. மனைவி இறந்தபின் தனியாக இருந்தவர். சனிக்கிழமைகளில் சுடும் கழகத்துக்குப் போவார். அங்கே மற்றவர்கள் எல்லோரும் பிளாஸ்டிக் உடம்பு வைத்த புதிய பிஸ்டல்களுக்கு மாறியிருந்தார்கள். ஷெஃப்பும் அவருக்கு அதையே சொன்னார். அவர்கள் கதைத்தது டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில். என் காதில் விழுந்த மாதிரி எழுதுகிறேன்.

"புதுசொண்டு எடுங்கோவன். பாரமில்லை, துருப்பிடிக்காது, என்னட்டைக் கொண்டுவரவும் தேவையில்லை."

"அதுதான் எனக்கு வேண்டாம். பிறகு நான் ஆரிட்டைப் போறது?"

ஷெஃப் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் மனைவி நாலு வருடமாக யாழ்ப்பாணத்தில் காத்திருந்தாள். அவளைக் கூப்பிடுவதென்றால், எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று ஷெஃப் எழுதிக் கையெழுத்து வைத்த கடிதம் வேண்டும். இரும்பு வேலை குறைந்துகொண்டு வந்த காலம். கேட்கும்போதெல்லாம் "பாப்பம்" என்பார். ஒரு திங்கட்கிழமை, இன்று விடுவதில்லை என்று தீர்மானித்தேன். கொஞ்சம் மரியாதையாகத் தெரியட்டுமென்று, குளிரில் உறைந்து கிடந்த தேங்காயெண்ணெயை ஹீட்டரில் வைத்து உருக்கி, தலையில் நன்றாக அப்பிச் சீவிக்கொண்டு போனேன். அன்று அந்த ஸ்லைடைக் கழுவி வைத்திருந்த நேரம் ஷெஃப் வரும் காலடி கேட்டது. பருத்திக் கையுறை போட்ட கையாலேயே தலையைத் தடவிச் சரிசெய்தேன். அதே கையால் ஸ்லைடையும் பிடித்தேன்.

பிறகுதான் அந்த வெள்ளை. ஷெஃப் அதைப் பார்த்தார்.

"இதுக்கோ உமக்கு நிரந்தர வேலை?"

கடிதக் கதையை அதோடு விட்டேன். கெட்ட காலத்துக்கு அடுத்த நாளே அந்த ட்ராம் கிழவரும் வந்துவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த இடத்தை நெடுநேரம் பார்த்தார்.

"ஆற்றை விரல்?"

"என்ரை. மன்னிக்கோணும்."

"ஓ," என்றார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எல்லாவற்றையும் உரஞ்சி எடுத்து முதலிலிருந்து தொடங்கினேன். அந்தக் கிழமை முழுவதும் எண்ணெய் வைக்கவில்லை. தலைமயிர் தும்புத்தடி மாதிரிச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. நீலம் நன்றாக வந்தது. நான் செய்தவற்றில் அதுதான் திறம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

எடுக்க வந்த கிழவர் பிஸ்டலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி எதையோ தேடினார்.

"அந்த விரல் எங்கை?"

"எடுத்தாச்சு," என்றார் ஷெஃப் பெருமையாக.

"இருந்திருக்கலாம்." கிழவர் அதைப் பெட்டியில் வைத்தார். "வீட்டிலை எங்கை பாத்தாலும் என்ரை கை பட்டதுதான். வேறை ஒருத்தற்றையும் இல்லை."

அவர் போனபின் ஷெஃப் மேசையில் உட்கார்ந்து என் கடிதத்தை எழுதினார். "இரும்பு முடிஞ்சாலும் உமக்கு ஒரு வேலை இருக்கும்," என்று என் முகத்தைப் பாராமலே நீட்டினார்.

சொன்னபடியே வைத்திருந்தார். பிளாஸ்டிக் பிஸ்டல்கள் வந்தன. நீலத்தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தோம். கிழவர் பிறகு வரவில்லை. அவருடைய பிஸ்டலுக்குக் குறை ஒன்றுமில்லை, திரும்பக் கொண்டுவரத் தேவை இருக்கவில்லை. என் வேலை அவ்வளவு திறமாக இருந்ததை நினைத்து வருத்தப்பட்டது அந்த ஒரு தடவைதான். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: ஓர் அடையாளத்தை அழிக்கும் முன் உடையவரிடம் ஒரு சொல் கேளுங்கள்.

கடிதம் கையில் வந்தும் மனைவி இங்கே வரப் பேர்மிட் கிடைக்க இன்னும் இரண்டு மாரிக் குளிர் போனது. அவள் தலைவாரிய கையோடு கடிதம் எழுதுகிறவள். தாளின் மூலையில் எப்போதும் எண்ணெய் ஊறியிருக்கும். எழுத்து ஊறிப் பரவுகிறதே என்று முன்பெல்லாம் டிஷ்யூ வைத்து ஒற்றி எடுப்பேன். அந்த இரண்டு மாரியும் ஒற்றவில்லை. வேலையால் வந்து, கடிதத்தைப் பிரித்து, அந்த மூலையில் என் பெருவிரலை வைத்துப் பிடித்துக்கொண்டுதான் வாசித்தேன்.