மாமா மழை குடித்தார்

மகளின் வினாத்தாளை ஜெராக்ஸ் எடுத்தேன். சூடான தாளின் வாசனை என்னை முடிச்சூரில் பர்வீன் மிஸ் இதே மாதிரி ஜெராக்ஸ் தாள்கள் கொடுத்து டியூஷன் எடுத்த தகர ஷெட்டுக்கே கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே அபார்ட்மென்ட்.

கோடிட்ட இடத்தை நிரப்பும் முன், கொடுத்திருக்கும் எல்லா வார்த்தைகளையும் அதில் போட்டுக் கோரஸாகப் படிக்க வேண்டும் என்பது மிஸ் போட்ட சட்டம். மாமா நாற்காலி குடித்தார், மாமா மழை குடித்தார் என்று தகரம் அதிரக் கத்தி, சிரித்து ஓய்ந்த பிறகுதான் காபிக்கு வருவோம். நேராகக் காபி என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பாவமாக இருக்கும்.

ஒரு மழைநாள் டெஸ்டில் பக்கத்தில் இருந்த சல்மா அந்தக் கோடிட்ட இடத்தில் 'மழை' என்றே எழுதி, தப்பு வாங்கினாள்.

"ஏன் மிஸ், மழையக் குடிக்கக் கூடாதா?" என்று அழுதாள்.

மிஸ் ஒழுகும் கூரையை அண்ணாந்து பார்த்தார். வாயைத் திறந்து ஒரு சொட்டைப் பிடித்து விழுங்கினார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, 'சரி' போட்டார்.